பூநாரையின் மூக்கும் ஜெசிந்தா டீச்சரின் மூச்சும்

ஆவணப் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்து ஓய்வு பெற்றவன் நான். படம் நன்றாக வந்தால் ஒளிப்பதிவாளரைப் பாராட்டுவார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் மட்டும் என் பெயரைத் தேடுவார்கள். இப்படித்தான் கொஞ்சம் புகழ் சம்பாதித்தேன்.

என்னோடு கடைசிக் காலத்தில் வேலை பார்த்த நிவேதா போன மாதம் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தாள். பழைய ஒலிப்பதிவுகளை எல்லாம் இப்போது அவள்தான் சுத்தம் செய்கிறாள். ஒரு பேட்டியைப் போட்டுக் காட்டினாள். ஒரு பெண் பேசுகிறார். பின்னால் டபடபவென்று படகு எஞ்சின் ஓடுகிறது.

"சார், நிஜமாவே இது உங்க ரெக்கார்டிங்கா? இவ்ளோ சத்தத்துல எப்படி சார் விட்டீங்க?" என்று கேட்டுவிட்டு ஒரு பட்டனைத் தட்டினாள். படகு மறைந்துவிட்டது. எஞ்சின், அலை, காற்று எதுவும் இல்லை. அந்தப் பெண் ஏதோ கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

"அந்தப் படகைத் திரும்ப விடும்மா," என்றேன். "அது ஒரு டீச்சரோட வேலையைக் காப்பாத்துன படகு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் ஏதோ உண்மையைச் சொல்கிறேன் என்று நம்பி, "எழுதிக் குடுங்க சார், நாங்களும் தெரிஞ்சுக்கறோம்," என்றாள். ஆகவே எழுதுகிறேன்.

நான் பொன்னேரிக்காரன். கும்மிடிப்பூண்டி லைனில் மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போய் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்தேன். சில வருடம் கேபிள் சுருட்டினேன். சில வருடம் நீளமான கோலின் நுனியில் மைக்கைக் கட்டித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். தோள்பட்டை இறங்கிப்போன பிறகு, இவன் இனி எதையும் தூக்க லாயக்கில்லை என்று காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான். இரண்டு தெரு தள்ளி ஆட்டோ திரும்புவது எனக்குக் கேட்கும். வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று கேட்டால் மட்டும் இன்றுவரை தெரியாது.

நான் அதிக நாள் வேலை பார்த்தது கோதண்டம் சார் என்ற இயக்குநரிடம். அவர் கத்த மாட்டார். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். ரொம்பக் கோபமென்றால் வெறும் காற்றுதான் வரும். மற்றவர்களுக்கு அது கேட்காது, பிழைத்துக்கொள்வார்கள். ஹெட்போன் போட்ட பாவத்துக்கு எனக்கு மட்டும் முழுசாகக் கேட்டுத் தொலைக்கும்.

அவருடைய எடிட்டிங் முறை விசேஷமானது. திரையைப் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்வார். வலது கை ஆள்காட்டி விரல் மேசைக்கு ஒரு சாண் மேலே நிற்கும். பேட்டி ஓடும். எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே விரல் 'டொக்' என்று மேசையில் இறங்கும். எடிட்டர் அந்த இடத்தில் குறித்துக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்து பல வருடம் பார்த்ததில் ஒன்றைக் கண்டுகொண்டேன். அந்த விரல் எப்போதும் பேசுகிறவர் மூச்சு இழுக்கும் இடத்தில்தான் இறங்கும். மூச்சில் வெட்டி மூச்சில் ஒட்டினால் தையல் தெரியாது. காலையில் பேசியதையும் சாயங்காலம் பேசியதையும் ஒரே வாக்கியமாக்கிவிடலாம். பேசினவரே பார்த்து, 'நான் இவ்வளவு தெளிவாவா பேசினேன்!' என்று மகிழ்ந்துபோவார்.

ஒரு டி.வி. சேனலுக்காக ஒரு படம் எடுத்தோம். உயிர்கள் எல்லாம் பரிணாமத்தால் வந்தனவா, அல்லது அறிவுள்ள யாரோ திட்டம் போட்டு வடிவமைத்தார்களா என்ற விவாதம். வெறும் பேச்சாக இருந்தால் ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்கள் என்று உதாரணத்துக்குப் பூநாரையைப் பிடித்தார் கோதண்டம் சார். பூநாரைக்கு மூக்கு நடுவில் மடங்கியிருக்கும். தலையைக் கவிழ்த்துத் தண்ணீரை உறிஞ்சி, சேற்றைத் துப்பி, தீனியை மட்டும் வடிகட்டித் தின்னும். தலைகீழாகச் சாப்பிடுவதால் அதன் மேல்தாடை நம்முடைய கீழ்த்தாடை வேலையைச் செய்யும். விவாதத்துக்கு இதைவிடத் தோதான மூக்கு கிடைக்காது. பூநாரைக்காகப் பழவேற்காடு போனோம்.

பரிணாமத்தின் பக்கம் ஒரு விலங்கியல் பேராசிரியர். வடிவமைப்பின் பக்கம் ஓய்வு பெற்ற ஒரு இன்ஜினியர். இருவரையும் தேவராஜ் என்பவரின் படகில் ஏற்றி ஏரிக்குள் கொண்டுபோனோம். ஏரி பார்க்கத்தான் கடல் மாதிரி. பாதி இடத்தில் முழங்கால் ஆழம்தான். நடுவில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

"இறங்கித் தள்ளணும் சார்," என்றார் தேவராஜ்.

ஆழம் பார்க்கிறேன் பேர்வழி என்று என் மைக் கோலைத் தண்ணீருக்குள் விட்டேன். புத்திசாலித்தனமாக மைக்கைக் கழற்றியிருந்தேன். அதன் பஞ்சு உறையைக் கழற்ற மறந்திருந்தேன். கோல் மட்டும் திரும்பி வந்தது. அந்த உறை இப்போது ஏதாவது நண்டுக்குத் தலையணையாக இருக்கலாம்.

பேராசிரியர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். இன்ஜினியரும் இறங்கினார். தள்ளும்போதும் விவாதம் ஓயவில்லை.

"அந்த மூக்கு ஒரு பம்பு சார்! பம்பு இருந்தா அதைச் செஞ்சவன் இருந்தாகணுமா இல்லியா?"

"குஞ்சு பொரிக்கறப்ப மூக்கு நேராத்தான் சார் இருக்கு. வளர வளரத்தான் வளையுது. உங்க மெக்கானிக் நேரான பம்பை ஏன் மாட்டினாரு?"

"சார், சார்!" என்று தேவராஜ் கத்தினார். "மொதல்ல ரெண்டு பேரும் ஒரே பக்கம் தள்ளுங்க. இவரு அப்டித் தள்றாரு, அவரு இப்டித் தள்றாரு. படகு கிறுகிறுனு சுத்திக்கினு கீது!"

இந்தக் கூச்சலில் பூநாரைகள் மொத்தமும் ஆந்திரா பக்கம் பறந்துவிட்டன. கோதண்டம் சார் என்னைப் பார்த்து வெறும் காற்றாக ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது. இங்கே எழுத முடியாது.

கரைக்குத் திரும்பும்போது தேவராஜ்தான் ஆறுதல் சொன்னார். "பூநாரை மூக்குதானே சார்? எங்க வூட்டுக்காரி புள்ளைங்களுக்கு அதைத்தான் போர்டுல வரைஞ்சு காட்டுது. டீச்சரு. வந்து கேளுங்க."

இப்படித்தான் ஜெசிந்தா டீச்சர் வீட்டு வாசலில் யூனிட்டோடு போய் நின்றோம். ஊர்ப் பெயரைச் சொன்னால் டீச்சர் உதைப்பார். ஏரிக்கரையில் ஒரு குப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் எங்களைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார்.

"இன்னாங்க, நாலு மீன் எடுத்தாரச் சொன்னா படக்கம்பெனியை இட்டாந்து நிறுத்துறீங்க?"

டீச்சர் சர்ச் நடத்தும் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு உயிரியல் எடுத்துக்கொண்டிருந்தார். வேலை தற்காலிகம். ஜூனில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் பேசத் தயங்கியது அதனால்தான்.

"சார், நான் வகுப்புல பரிணாமம் நடத்துறேன். நம்பித்தான் நடத்துறேன். ஞாயித்துக்கிழமை பூசைக்கும் போறேன். அதுவும் நம்பித்தான் போறேன். ரெண்டையும் சேத்துக் காட்டினா எனக்குப் பிரச்சினை இல்ல. மொதல் பாதிய மட்டும் போட்டீங்கன்னா கோயில் கமிட்டி கேள்வி கேக்கும். ரெண்டாவதை மட்டும் போட்டீங்கன்னா, பாடத்தையே நம்பாத டீச்சர் எதுக்குன்னு பெத்தவங்க கேப்பாங்க. எப்படிப் பாத்தாலும் ஜூன்ல நான் வூட்லதான்."

கோதண்டம் சார் நெஞ்சில் கைவைத்து, "ரெண்டும் வரும்மா," என்றார். அப்போது அவர் அதை மனதாரத்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓரமாக நாற்காலி போட்டோம். டீச்சர் பேச ஆரம்பித்தார். பூநாரையின் மூக்கு எப்படித் தலைமுறை தலைமுறையாக மாறியிருக்கும் என்று கையாலேயே வரைந்து காட்டினார். 'இவ்ளோ அழகு தானா வருமா டீச்சர்?' என்று ஒரு மாணவி கேட்டதையும், தான் சொன்ன பதிலையும் சொன்னார். "அழகைப் பாத்தா எனக்கும் ஆண்டவர் ஞாபகம்தான் வரும். ஆனா பரீட்சையில அதை எழுதாதே. எப்படி வந்துச்சுன்னு கேட்டா எலும்பைக் காட்டு, புதைபடிவத்தைக் காட்டு," என்றார்.

சரியாக இந்த இடத்தில் தூரத்திலிருந்து ஒரு எஞ்சின் படகு வர ஆரம்பித்தது. விதிப்படி நான் கையைத் தூக்கிப் பேச்சை நிறுத்தியிருக்க வேண்டும். படகு போன பிறகு மறுபடி கேட்க வேண்டும். நான் தூக்கவில்லை. பேச்சு அவ்வளவு நன்றாக இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். படகு வந்தது, பெருத்தது, கடந்தது, தேய்ந்தது. டீச்சரும் முடித்தார்.

முடிந்ததும் என் வழக்கமான சடங்கு ஒன்று உண்டு. எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லி அந்த இடத்தின் அமைதியைக் கொஞ்ச நேரம் தனியாகப் பதிவு செய்வேன். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளில் பூசி மெழுக அது தேவைப்படும். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த ஜனத்தைப் பார்த்து, "எல்லாரும் கொஞ்ச நேரம் அமைதியா நில்லுங்க," என்றேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் ஹெட்போனில் தெளிவாக ஒரு குரல் கேட்டது:

"யாரு சார் செத்தது?"

"பெரிய ஆளா இருக்கும், சென்னையில," என்றது இன்னொரு குரல். அதன்பின் அந்தப் பக்கம் அமைதி திரும்பவே இல்லை.

எடிட்டிங் சென்னையில் நடந்தது. சேனல்காரர்கள் ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார்கள்: இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். பேராசிரியர் பக்கம் பறவை ஆய்வாளர்கள் சிலர் பேசியிருந்தார்கள். இன்ஜினியர் பக்கம் இன்ஜினியர் மட்டும்.

"தராசு சாயுது ராஜா," என்றார் கோதண்டம் சார். எல்லாருமே அவருக்கு ராஜாதான். "டீச்சர்ல பாதியை அந்தப் பக்கம் வெச்சிரலாம்."

"பாதின்னா, இடது பக்கமா வலது பக்கமா சார்?"

குரல் இறங்கியது. "ஆண்டவர் ஞாபகம் வரும்னு சொன்ன பாதி."

"ரெண்டும் வரும்னு சொன்னீங்களே சார்?"

அவர் கண்ணை மூடினார், விரல் மேலே நின்றது. அவர் கெட்டவர் இல்லை. சமமாக நிறுத்துவதுதான் நியாயம் என்று நம்பினார். அதற்கு ஒரு மனுஷியைப் பிளக்க வேண்டியிருக்கிறதே என்பது அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். வழக்கமாகச் சட்டென்று இறங்கும் விரல் அன்று தயங்கி இறங்கியது. 'ஞாபகம்தான் வரும்' என்ற இடத்தில், டொக்.

எடிட்டர் வெட்டி ஒட்டிப் போட்டுக் காட்டினார். டீச்சர் குரல் அழகாக ஒட்டிக்கொண்டது. ஆனால் பின்னால் ஓடிய படகு ஏரி நடுவிலிருந்து ஒரே தாவாகக் கரைக்குத் தாவியது. வேறு இடத்தில் வெட்டினார். படகு பின்பக்கமாகத் தாவியது. பூசி மெழுகலாமென்று நான் பதிவு செய்த அமைதியைப் போட்டார்.

"யாரு சார் செத்தது?" என்றது ஸ்பீக்கர்.

இன்றைக்கு என்றால் நிவேதாவின் பட்டன் இருக்கிறது. அன்றைக்கு இல்லை. கோதண்டம் சார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நீ போய் அந்தப் பாதியை மட்டும், சத்தம் இல்லாத இடத்துல, திரும்பப் பேசச் சொல்லி வாங்கிட்டு வா ராஜா. குரல் மட்டும் போதும், படத்துக்கு ஏரியைக் காட்டிக்கலாம்."

எனக்கு வேலை வேண்டும். போனேன். ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ், அப்புறம் தேவராஜின் படகு. வழியெல்லாம் ஒரு நல்ல பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். 'படகு சத்தம் டீச்சர், ஒரு வரி மட்டும்' என்று. வாசலில் அதைச் சொல்லி முடித்ததும் டீச்சர் ஒரு டம்ளர் மோரைக் கொடுத்து, "ஏன் சார் ஒரு வரி மட்டும்?" என்று கேட்டார். ஒத்திகை அத்தனையும் மோரோடு உள்ளே போய்விட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

டீச்சர் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இந்த ஏரியில் இறால் வலை போடும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு ஒருவர் பாடு என்றால் அந்த இடத்தில் இன்னொருவர் வலை இறங்காது. இறங்கினால் ஊர்க் கூட்டம்தான்.

"என் பாடு நாள்ல வேற ஆளு வலையை எறக்குறதா சார்?" என்றார் டீச்சர். "அதுவும் நானே போய் எறக்கிக் குடுக்கணுமா?"

தேவராஜ் என் பையைப் பார்த்தார். "ஜெசி, அந்த மெசினை ஏரில போட்டுடவா?"

"சும்மா இருங்க. அவரு மெசின் இன்னா பண்ணும்?" டீச்சர் என்னிடம் திரும்பினார். "நான் பேசமாட்டேன்னு சொன்னா?"

"படகு தாவினாலும் பரவாயில்லன்னு மேலே மியூசிக்கைப் போட்டு மூடிருவாங்க."

"எங்க சார் வெட்டுவாங்க? எந்த எடத்துல?"

ஒரு டீச்சர் கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடும் பழக்கம் எனக்கு. பள்ளியில்தான் அது இல்லை. சொன்னேன். "நீங்க மூச்சு இழுக்குற எடத்துல. அங்கதான் கத்தி இறங்கும்."

"மூச்சே விடலன்னா?"

"வெட்டலாம். ஆனா வெட்டினது கேக்குற எல்லாருக்கும் தெரியும். தொண்டையைப் புடிச்ச மாதிரி இருக்கும்."

டீச்சர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "சார், காலேஜ் சேர்ற வரைக்கும் அம்மாகூட இறால் தடவப் போனவ நான். பறிக் கூடையைப் பல்லுல கடிச்சுக்கினு, தலையை முக்கிச் சேத்துல தடவுவோம். மூச்சு அடக்க எனக்குச் சொல்லித் தரணுமா?"

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையை மூடிக்கொண்டோம். தேவராஜ் கரையில் துண்டோடு நின்றார். எந்தப் படகு வந்தாலும் துண்டை வீசி எஞ்சினை அணைக்க வைப்பதுதான் அவர் வேலை. படகுக்காரர்கள் எல்லாரும் அணைத்துவிட்டு, "இன்னா மச்சான், யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று விசாரித்ததாகப் பிறகு சொன்னார்.

டீச்சர் கரும்பலகையில் எழுதினார், அழித்தார், திருத்தினார். முதல் தடவை பாதியில் சிரித்துவிட்டார். அடுத்த தடவை இருமல். அதற்கடுத்து, நீருக்குள் இறங்குகிறவர் மாதிரி நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னார்:

"பூநாரையோட இந்த வளைஞ்ச மூக்கு ஒரே நாள்ல யாரும் செஞ்சு மாட்டினதில்ல தலைமுறை தலைமுறையா கொஞ்சம் கொஞ்சமா மாறி வந்ததுதான்னு எலும்பையும் புதைபடிவத்தையும் காட்டிப் பாடம் நடத்துற நானே அதே மூக்கைப் பாத்துட்டு ஞாயித்துக்கிழமை ஆண்டவருக்கு நன்றி சொல்லும்போது பாடத்தையும் மறக்கல ஆண்டவரையும் மறக்கல இங்க ரெண்டு மணி அடிக்குது ஒண்ணு பள்ளிக்கூடத்துல ஒண்ணு கோயில்ல எந்த மணிக்கு எங்க போவணும்னு எனக்குத் தெரியும்."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினார். அதற்கு முன்பே மெஷினை அணைத்துவிட்டேன். மூச்சு ஒன்றுகூடப் பதிவாகக் கூடாது பாருங்கள்.

சென்னையில் கோதண்டம் சார் கண்ணை மூடிச் சாய்ந்தார். விரல் மேலே போனது. எடிட்டர் ஓடவிட்டார். விரல் இறங்க இடம் பார்த்தது. 'மாட்டினதில்ல' அருகே லேசாகத் தாழ்ந்தது, திரும்ப ஏறியது. 'நானே' என்ற இடத்தில் இன்னொரு முறை தாழப் பார்த்தது. வாக்கியம் முடியும்வரை அந்தரத்திலேயே நின்றது. "மறுபடி," என்றார். மறுபடியும் அப்படியேதான். இன்னொரு தடவை கேட்டபோது விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதை அந்தப் பொண்ணுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அன்றைக்கு அது பிரமாதமாகச் சுற்றியது.

"ராஜா, நீ சவுண்டு எடுக்கப் போனியா, வக்காலத்து வாங்கப் போனியா?"

இதைச் சாதாரணக் குரலில் கேட்டார், இறங்கின குரலில் இல்லை. பிறகு சேனலுக்குப் போன் போட்டார். டீச்சர் எந்தப் பக்கமும் இல்லை, நடுவில் முழுசாக வருவார், சம்மதமில்லை என்றால் படத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார். அவ்வளவு தெளிவாக, அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். சேனல்காரர்கள் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

படம் ஒளிபரப்பான மறுநாள் காலையில் பேராசிரியர் போன் செய்தார்: "பாத்தீங்களா, டீச்சர் நம்ம பக்கம்!" மதியம் இன்ஜினியர் போன் செய்தார்: "கவனிச்சீங்களா, டீச்சர் நம்ம பக்கம்!" இரண்டு பேருக்கும் ஆமாம் என்றேன்.

டீச்சரிடமிருந்து மட்டும் போன் வரவில்லை. மே மாதம் முழுக்க எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மூச்சு விடாமல் பேசவைத்து அந்தம்மாவின் வேலைக்கே உலை வைத்துவிட்டோமோ என்று கவலை. ஜூனில் போன் வந்தது.

"சார், பர்மனென்ட் ஆயிடுச்சு."

அப்பாடா என்று நான் விட்ட மூச்சு அவருக்கே கேட்டிருக்கும்.

"கமிட்டி ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டாங்க. ஃபாதர்தான், 'நான் விசாரிச்சுச் சொல்றேன்'னாரு. என்னைக் கூப்ட்டு, 'இதுல எது உண்மை டீச்சர், மொதல் பாதியா, ரெண்டாவது பாதியா?'னு கேட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"'ஞாயித்துக்கிழமை தவறாம நான் உங்க பிரசங்கத்துக்கு வரேன் ஃபாதர். ஒரு திங்கக்கிழமை நீங்க என் வகுப்புக்கு வாங்க'ன்னேன்."

"வந்தாரா?"

"வந்தாரு சார். கடைசி பெஞ்சுல, புள்ளைங்களோட ஒண்டிக்கினு உக்காந்தாரு. பாடம் முடிஞ்சதும் எல்லாரையும் பூநாரை மூக்கு வரையச் சொன்னேன். அவரும் வரைஞ்சாரு. பத்துக்கு ஆறு போட்டேன்."

"ஃபாதருக்கேவா? ஏன் டீச்சர் ஆறு?"

"மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் மாத்திக் குறிச்சுட்டாரு சார். யாரா இருந்தா இன்னா, தப்பு தப்புதானே?"